நிற்காத பேருந்துக்கு மதுரை மல்லி

1994, மாசி மாதம். விடிந்தும் விடியாத நேரத்தில் மதுரை வண்டி என்னைத் தாம்பரத்தில் இறக்கிவிட்டது. ஒரு கையில் பெட்டி. மறு கையில் அக்காவுக்காக வாங்கிய மல்லிகைச் சரம், ஈரத்துணிக்குள் வாழையிலை சுற்றிப் பெரிய பொட்டலமாக இருந்தது. இரவு முழுவதும் அதை மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தேன். பக்கத்து இருக்கைக்காரர் இரண்டு முறை அதன்மேல் சாயப் பார்த்தார், நான் விடவில்லை.

நான் வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். வண்டலூருக்கும் ஊரப்பாக்கத்துக்கும் நடுவே ஜி.எஸ்.டி. சாலையை ஒட்டி மேட்டுத்தோப்பு என்று ஓர் ஊர். அக்காவைக் கட்டிக்கொடுத்த ஊர் அது. அந்த ஊருக்குப் பேருந்து நிறுத்தம் கிடையாது. ஊர்ப்பெண்கள் ஏழெட்டுப் பேர் தாம்பரத்தில் கல்லூரி படித்தார்கள். ஊரப்பாக்கத்தில் இறங்கி, உரசிக்கொண்டு போகிற லாரிகளுக்கு ஓரமாக ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்து வீடு சேர வேண்டும். அதில் என் அக்கா மகள் கல்பனாவும் ஒருத்தி. போன மாதம் ஒரு லாரி அவள் குடையைப் பிடுங்கிக்கொண்டு போயிருக்கிறது. அத்தான் அன்றைக்கே முடிவு கட்டிவிட்டார். மாசி முடிவதற்குள் பேருந்து நின்றால் படிப்பு, இல்லாவிட்டால் வீடு. இவள் பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு போராட்டம் என்று கிளம்பியதும் அத்தானிடமிருந்து எனக்கு ஃபோன் வந்தது. "மச்சான், நீ சொன்னாதான் கேப்பா. வந்து இன்னான்னு கேளு."

கேட்கத்தான் வந்தேன். எனக்கென்று ஒரு கருத்தும் இருந்தது. அறுபத்தைந்தில் இந்தி எதிர்ப்புக்காக மதுரை வீதியில் தொண்டை வற்றக் கத்தியவன் நான். தடியடியில் செருப்பைத் தொலைத்து வெறுங்காலோடு வீடு திரும்பியவன். அதெல்லாம் போராட்டம். ஒரு பஸ் ஸ்டாப்புக்குப் போய் எவனாவது போராடுவானா?

தாம்பரம் மேற்கே பேருந்து நிலையத்துக்கு எதிரில் ஒரு டீ குடித்தேன். விலை ஒரு ரூபாய், சர்க்கரை மட்டும் இரண்டு ரூபாய்க்குப் போட்டிருந்தான். நிலையத்துக்குள் ஒரு கூட்டம். ஊரப்பாக்கம் போகிற பேருந்துக்கு மாணவர்கள் வாழைக்கன்று கட்டிக்கொண்டிருந்தார்கள். பலூன், காகிதத் தோரணம், முகப்பில் சந்தனம், டயருக்கடியில் எலுமிச்சம்பழம். 'பஸ் டே' என்று இந்த நகரத்துக் கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. வருடத்தில் ஒரு நாள், தாங்கள் போகிற பேருந்தை மாப்பிள்ளையாக ஜோடித்து, ஓட்டுநருக்கும் நடத்துநருக்கும் மாலை போட்டு, ஆடிப்பாடிக்கொண்டு கூடவே போவார்கள். மாலை வாங்கிக்கொண்ட ஓட்டுநர் அன்றைக்கு அவர்கள் சொல்கிற இடத்தில் நிறுத்துவார், ஆடுகிறவர்களுக்குப் பின்னால் நடையாக ஓட்டுவார். மாலை இல்லாவிட்டால் அந்தப் பேச்சே கிடையாது.

தோரணத்தின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் கல்பனா.

"மாமா! அப்பா உங்களைக் கூப்பிட்டாரா?"

"ஆமா. இது என்னடி கூத்து?"

"கூத்து இல்ல மாமா. மனு கொடுத்துப் பார்த்தாச்சு. மறியல் பண்ணா கேஸ் போடுவாங்க, அப்புறம் எந்த வீட்லயும் பொண்ணுங்கள அனுப்ப மாட்டாங்க. அதான் பஸ் டே. இந்த வண்டி இன்னிக்கு நம்ம ஊர்ல நிக்கும். ஊர் ஜனமே ரோட்டுக்கு வந்து பார்க்கும். ஒரு தடவ நின்ன இடத்துல அடுத்த தடவ நிக்காம எப்படிப் போவாங்க?"

யோசனை எனக்குப் பிடித்துவிட்டது. அதை அவளிடம் காட்டிக்கொள்ளவில்லை.

அதற்குள் அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். ஜோடனையைச் சுற்றி வந்து பார்த்தார். "வண்டியில பிரேக் கோளாறு. டிப்போவுக்கு எடு" என்றார். ஓட்டுநர் பிள்ளைகளைப் பாவமாகப் பார்த்துவிட்டு வண்டியை எடுத்தார். வாழைக்கன்று ஆட, பலூன் பறக்க, மாலையும் கழுத்துமாகப் பேருந்து யாரையும் ஏற்றாமல் போய்விட்டது. கல்யாணத்தன்று மாப்பிள்ளையைக் கடத்திப் போனது போலப் பிள்ளைகள் நின்றார்கள். அதிகாரி உள்ளே போய்விட்டார். மாற்று வண்டி வந்தது, புழுதி படிந்த மொட்டை வண்டி.

"மச்சான், எட்றா கல்லை!" என்று ஒரு பையன் கத்தினான். "கண்ணாடி ஒடைஞ்சாதான் இவுங்களுக்குப் புரியும்!" நாலைந்து பேர் குனிந்தும்விட்டார்கள்.

கல்பனா அவர்கள் முன்னால் போய் நின்றாள். "கல்லு விட்டீங்கன்னா எங்க அப்பா சொன்னதுதான் சரின்னு ஆயிடும். போடுங்க, போட்டுட்டு என் புக்கையெல்லாம் நீங்களே எடுத்துக்குங்க." குரல் உடைந்துவிட்டது. பையன் கல்லைக் கீழே போட்டான். ஆனால் மாலைக்கு எங்கே போவது? சேர்த்த காசெல்லாம் டிப்போவுக்குப் போய்விட்டது.

என் கையிலிருந்த பொட்டலம் அப்போதுதான் எனக்கே ஞாபகம் வந்தது. அக்கா முகம் கண் முன்னால் ஓடியது உண்மை. அவளிடம் அப்புறம் திட்டு வாங்கிக்கொள்ளலாம் என்று வாழையிலையைப் பிரித்தேன். இரவெல்லாம் மூடிக் கிடந்த மல்லிகை ஒரே நேரத்தில் மூச்சு விட்டது. பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது.

"மாமா, இது அம்மாவுக்கு..."

"பிடிடி. மதுரை மல்லி. உன் தாம்பரத்தில் தேடினாலும் கிடைக்காது."

சரத்தைச் சுருட்டி முகப்பில் போட்டோம். மிச்சத்தை மடித்துப் புது ஓட்டுநர் கழுத்தில் போட்டது நான்தான். அவர் குனிந்து முகர்ந்து பார்த்தார். "இன்னா வாசன சார்! ஏறுங்க பசங்களா" என்றார். பேருந்தின் தகரம் பறையானது. கானாப் பாட்டு கிளம்பியது.

எனக்கு இடம் கிடைத்தது நடத்துநர் பக்கத்தில். டிக்கெட் இரண்டு ரூபாய். இரும்புலியூர், பெருங்களத்தூர் தாண்டும்வரை அவர் பேசிக்கொண்டே வந்தார்.

"அறுவத்தஞ்சுல நான் ஸ்கூலு படிச்சுகினு இருந்தேன் சார். காலேஜ் அண்ணனுங்க பின்னாடி கோஷம் போட்டுகினே ஓடுவேன். எண்பத்து மூணுல இலங்கைத் தமிழருக்காவ காலேஜ் காலேஜா ரோட்டுக்கு வந்துச்சு. அப்பதான் வேலைக்குச் சேந்தேன். டிக்கெட் வெல ஏத்துனா ஒரு ஸ்டிரைக்கு, பாஸு குடுக்கலன்னா ஒரு ஸ்டிரைக்கு. எல்லாத்துக்கும் மொதல்ல ஒடையறது நம்ம வண்டி கண்ணாடி. பூவ எடுத்துகினு வந்து போராடுனத இப்பதான் பாக்கறேன்."

"நானும் அறுபத்தைந்தில் தெருவில் நின்றவன்தான்" என்றேன்.

"அப்போ இறங்கி முன்னால போ சார். இன்னாத்துக்கு சீட்ல குந்திகினு கீற?"

வண்டலூரில் வண்டிக்கு முன்னால் ஆடப் பிள்ளைகள் எல்லோரும் இறங்கினார்கள். நானும் இறங்கினேன். மிருகக்காட்சி சாலை திறக்கக் காத்திருந்த குடும்பங்கள் ஏதோ சாமி ஊர்வலம் என்று கன்னத்தில் போட்டுக்கொண்டன. பின்னால் லாரிகள் ஹார்ன் அடித்தன. ஒரு சப் இன்ஸ்பெக்டர் மோட்டார் சைக்கிளில் வந்து வழி மறித்தார்.

"யார் இதுக்குத் தலைவர்?"

பிள்ளைகள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மதுரையிலிருந்து வந்து இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை, தலைவனாகிவிட்டேன்!

"கல் விட்டோமா சார்? வழி மறித்தோமா? வண்டி போய்க்கொண்டுதானே இருக்கிறது. மாலை போட்டதற்கு எந்தச் சட்டத்தில் வழக்குப் போடுவீர்கள்?" என்றேன். அறுபத்தைந்தில் கேட்காமல் விட்ட கேள்வி, இத்தனை வருடம் கழித்து வாயில் வந்தது.

அவர் வண்டியைப் பார்த்தார், மல்லிகையைப் பார்த்தார். "ஓரமா போங்க. சீக்கிரம் முடிங்க" என்று சொல்லிவிட்டு, லாரிகளை விலக்கி எங்களுக்கு முன்னால் தானே வழி ஏற்படுத்திக்கொண்டு போனார்.

மேட்டுத்தோப்பில் ஊரே சாலையில் நின்றது. பெண்கள் ஆரத்தித் தட்டோடு வந்திருந்தார்கள். பேருந்து அந்த மண்ணில் முதன்முதலாக நின்றது. குலவையில் காது அடைத்துப்போனது. கூட்டத்தின் ஓரத்தில் அத்தான், பல்லாவரம் தோல் மண்டிக்கு வேலைக்குப் போகிற சட்டையும் சாப்பாட்டுத் தூக்குமாக நின்றார்.

"இன்னா மச்சான், புத்தி சொல்ல உன்ன வரவச்சா நீயே முன்னாடி ஆடிகினு வர்ற?"

"அத்தான், பேருந்து நின்றுவிட்டது. உங்கள் பேச்சு என்னவாயிற்று?"

"நீங்க நிறுத்தினீங்க, நின்னுச்சு. ஊரப்பாக்கம் போயிட்டுத் திரும்பி வரட்டும். தானா நிக்குதா பாக்கலாம்."

நியாயமான கேள்வி. வண்டி பிள்ளைகளை விட்டுவிட்டுக் கிளம்பியது. இனி அதற்கு முன்னால் ஆட யாருமில்லை. கல்பனாவும் மற்றப் பெண்களும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போய்ப் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றார்கள். நாங்கள் எல்லோரும் தெற்கே பார்த்தபடி இருந்தோம். ஒரு லாரி போனது. வேறு தடத்துப் பேருந்து ஒன்று நிற்காமல் பறந்தது. கல்பனாவின் உதடு துடித்ததைப் பார்த்தேன்.

பிறகு முகப்பில் வெள்ளையாக ஏதோ தெரிந்தது. மல்லிகை. வண்டி வேகமாகத்தான் வந்தது. யாரும் மறிக்கவில்லை. கல்பனா கையை மட்டும் நீட்டினாள். வேகம் குறைந்தது. ஓரம் கட்டியது. அவள் எதிரிலேயே படிக்கட்டு வந்து நின்றது.

"மேட்டுத்தோப்பு! மேட்டுத்தோப்பெல்லாம் ஏறு!" என்று நடத்துநர் கூவினார். அந்தப் பெயரை ஒரு பேருந்துக்குள்ளிருந்து யாரும் கூவி ஊர் கேட்டதில்லை. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் மரத்துக் காக்கையெல்லாம் பறந்தது. நான் அழுதேன் என்று பின்னால் அக்கா எல்லோரிடமும் சொன்னாள். அழுதேன்தான்.

பெண்கள் ஏறிய பிறகு, தூக்கைப் பிடித்துக்கொண்டு அத்தான் சாலையைக் கடந்தார். கல்பனா பயந்துபோய்ப் பார்த்தாள். அவர் அவளைப் பார்க்காமலே படியேறினார்.

"பல்லாவரம் போணும். தாம்பரம் வரிக்கும் ஒண்ணு குடுப்பா. அந்தப் பொண்ணுக்குப் பாஸ் கீது."

அந்த வாரம் முழுவதும் நின்ற வண்டிக்கெல்லாம் பெண்கள் ஒரு முழம் பூ கொடுத்தார்கள். கடைசியில் டிப்போ ஆள் ஒருவர் வந்து, தாரில் மஞ்சள் கோடு போட்டு 'பேருந்து நிற்கும்' என்று எழுதிவிட்டுப் போனார்.

நான் ஊருக்குத் திரும்பிய மாலை, கல்பனாவோடு அந்தக் கோட்டில் நின்றேன். மதுரையில் என் தெருமுனையிலும் பேருந்து நிற்கிறது. யார் கேட்டு நின்றதோ, இதுவரை நான் நினைத்துப் பார்த்ததில்லை. தூரத்தில் ஒரு வண்டி வந்தது. வேறு ஓட்டுநர், வேறு நடத்துநர். முகப்பில் ஒரு பூ இல்லை. கல்பனா என்னோடு பேசிக்கொண்டே நின்றாள், கையைக்கூட நீட்டவில்லை. வண்டி தானாக நின்றது.

"சீக்கிரம் ஏறு சார், பேஜார் பண்ணாத! ஸ்டாப்பிங்குக்கு ஸ்டாப்பிங் இப்பிடி நின்னா வண்டி எப்பப் போய்ச் சேர்றது?" என்று நடத்துநர் சலித்துக்கொண்டார்.

நான் வாங்கிய திட்டுகளிலேயே இனித்த திட்டு அது. ஏறிக்கொண்டேன்.