நோகாத முழங்கால்கள்

அம்மா பாலேஸ்வரிக்கு அறுபது வயதில் மாமியின் முழங்கால்கள் மீது பொறாமை வந்தது. ஜெகதீஸ்வரி மாமி அப்பாவின் தங்கை, அம்மாவுக்கு மச்சாள். வெள்ளவத்தையில் ஒரே கட்டடம். நாங்கள் நாலாம் மாடி, மாமி முதலாம் மாடி. லிப்ட் இல்லை.

1997இல் டொக்டர் றமீலா, மூட்டுத் தேய்வு எப்படித் தொடங்குகிறது என்று ஆராய்ந்துகொண்டிருந்தார். வலி வருமுன் மூட்டில் என்ன மாறுகிறது என்று பார்க்க, வலியே இல்லாத பெண்கள் அவருக்குத் தேவைப்பட்டார்கள். மாமியைச் சேர்த்துக்கொண்டார். மாமி அதை ஒழுங்கை முழுக்க, வீடு வீடாகச் சொன்னார்.

அடுத்த கிழமையே அம்மாவும் போய், வலியில்லை என்று சொல்லிச் சேர்ந்தார். எங்கள் வீட்டில் அம்மா முழங்காலில் தேய்க்கும் தைலம் மணக்காத இரவு கிடையாது. பொய்யான தகவல் ஓர் ஆய்வை என்ன செய்யும் என்று, பொறியியல் படித்த நான் விளக்கினேன்.

“மச்சாளின்ரை கால் மட்டும் தங்கமோ?” என்றார் அம்மா.

கொழும்பில் தமிழர்கள் பொலிஸில் பதிய வேண்டியிருந்த காலம். அந்தப் பதிவு வரிசையில் ஒரு பெண் கொன்ஸ்டபிள் இரண்டு கதிரை கொண்டுவந்து வைத்தார். மாமி அதில் அமரவில்லை. அதனால் அம்மாவும் அமரவில்லை. மத்தியானம் வரை நின்றார்கள்.

எக்ஸ்ரே எடுத்தபின் டொக்டர் இருவரையும் ஒன்றாகக் கூப்பிட்டார். நானும் துணைக்குப் போனேன். இருவருக்கும் மூட்டு இடைவெளி ஒடுங்கி, எலும்பின் ஓரத்தில் முள் வளர்ந்திருந்தது. இவ்வளவு இருந்தும் வலிக்காதவர்கள் உண்டு, அப்படியென்றால் அது ஆய்வுக்கு முக்கியம், அதனால்தான் உண்மை வேண்டும் என்றார் டொக்டர்.

“அன்ரி, உண்மையாவே நோகல்லயா?”

“எனக்கில்லை. அவவைக் கேளுங்கோ,” என்றார் மாமி.

“எனக்கும் இல்லை,” என்றார் அம்மா.

நிலத்தில் அமர்ந்து, கை ஊன்றாமல் எழும்பச் சொன்னார் டொக்டர். பல்லைக் கடித்துக்கொண்டு இருவரும் அமர்ந்தார்கள். எழும்பத்தான் முடியவில்லை. மற்றவர் எழும்புகிறாரா என்று பார்த்தபடியே இருந்தார்கள். கடைசியில் டொக்டர் ஒருவரையும் நான் ஒருவரையும் தூக்கிவிட்டோம். இருவரின் பெயர்களும் வலியுள்ளவர்கள் பக்கம் போயின.

“டொக்டர், ஆருக்குக் குறைவாத் தேய்ஞ்சிருக்கு?” என்று அம்மா கேட்டார். டொக்டர் சிரித்தபடி இரண்டு எக்ஸ்ரேயையும் உறைக்குள் போட்டார்.

இத்தனை வருடம் கழித்து, போன மாதம் அம்மா மாரடைப்பில் போய்விட்டார். மாமி நாலாம் மாடிக்கு ஏறி வந்தார். கைப்பிடியைப் பிடித்து, படிக்குப் படி நின்று, நோவை யாருக்கும் ஒளிக்காமல். கட்டிலருகே வந்து அம்மாவின் முழங்காலில் கையை வைத்தார்.

“இப்ப உண்மையாவே நோகாது இவவுக்கு,” என்றார். “இதிலையும் முந்தீட்டா.”