பருக்கை

சிவகொழுந்து இலங்கையில் ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்தவள். ஷார்ஜா ரோலாவில் பல பெண்களோடு ஓர் அறை. துபாய் மால் ஒன்றில், மீனும் கிளியும் எறும்பும் காட்சிக்கு வைத்த கண்ணாடித் தோட்டத்தில் வேலை. இலைவெட்டி எறும்புகளுக்கு இலை கழுவிப் போட வேண்டும்.

எறும்புகள் இலையைத் தின்பதில்லை. நறுக்கிக் கொண்டுபோய் மென்று, அதன்மேல் வெண்பூஞ்சை வளர்க்கும். குஞ்சுகளுக்கு அதுதான் உணவு. கடுகைவிடச் சிறிய தாதி எறும்புகள் வெள்ளைக் குஞ்சுகளைப் பூஞ்சைக்குள் பதித்து, ஊட்டி, ஓயாமல் நக்கிக்கொண்டிருக்கும்.

வெயில் ஏறிய மாதத்தில் ராணி செத்தது. கூட்டின் மூடியைத் திறந்து பார்க்கும் சிவகொழுந்துக்கு மட்டும் தெரியும். தாதிகள் அதை நக்குவதை நிறுத்தவில்லை. அதன் கால்கள் உதிர்ந்தன. அப்புறமும் நக்கின. இருந்த குஞ்சுகள் வளர்ந்து எறும்புகளாயின. புதிய முட்டை இல்லை.

சூப்பர்வைசர் வருண் சென்னைக்காரன். கண்ணாடியில் நெற்றியை ஒட்டிக்கொண்டு பார்த்தான்.

"குஞ்சையே காணோமேக்கா. ராணி இருக்கா?"

"இருக்கு சேர். உள்ளுக்குப் படுத்திருக்கும்."

"நாளன்னைக்கு ஆபீஸ்லேர்ந்து வராங்க. குஞ்சு இல்லன்னா ரூமை மூடிடுவாங்க. உங்க விசாவும் கலாஸ்."

"வேற வேலை ஒண்ணும் இல்லீங்களா?"

"மாஃபி, எதுவும் இல்ல. மீனுக்கு ஆள் இருக்கு, கிளிக்கு ஆள் இருக்கு. நீங்க எறும்புக்கு வந்தவங்க."

அன்று சாப்பிட்டுவிட்டு வந்து இலை போடும்போது, சட்டைக் கையில் ஒட்டியிருந்த பருக்கை ஒன்று உள்ளே விழுந்தது. எடுப்பதற்குள் தாதிகள் சூழ்ந்துகொண்டன. புரட்டின. நக்கின. தூக்கிப்போய்ப் பூஞ்சைக்குள் பதித்தன.

மறுநாள் வருண் கத்தினான்.

"அக்கா, குஞ்சு! மகாராணி எழுந்துட்டாங்க போல. ஒண்ணுதான் இருக்கு. நாளைக்கு இன்னும் கொஞ்சம் காட்டணுமே."

"ராணி போடும் சேர்" என்றாள்.

அடுத்த நாள் சோற்றைப் பொட்டலமாக மடித்துக் கொண்டுவந்தாள். பருக்கையைக் கிள்ள வராது என்று கையுறையைக் கழற்றினாள். மூடியைத் திறந்தாள். தாதிகள் ஏற்கெனவே மேலேறி, அவள் கை வரும் இடத்தில், உணர்கொம்புகளைத் தூக்கிக் காத்து நின்றன.

ஒவ்வொன்றாக இட்டாள். ஒவ்வொன்றாக வாங்கிப் போயின. பொட்டலம் தீர்ந்தது. எறும்புகள் போகவில்லை. விரலில் ஏறின. கடிக்கவில்லை. நகத்தின் ஓரத்திலிருந்து நக்கத் தொடங்கின.

ஆபீஸிலிருந்து வந்தவர்கள் கண்ணாடிக்கு வெளியே நின்று வெள்ளை மணிகளைப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்களுக்குப் பின்னாலிருந்து வருண் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான்.

அவள் கையை வெளியே இழுத்தாள். அப்போதுதான் கடித்தன.