இன்னும் அரைச் சுற்று

பிளம்பருக்குத் தன் மகளோடு நிம்மதியாகப் பேசக் கிடைப்பது வருஷத்துக்கு ஒரே ஒரு மணி நேரம். ரயில் நிலையத்திலிருந்து வீடு வரைக்கும் காரில் வருகிற நேரம்தான் அது. பேரக்குழந்தை பின்சீட்டில் தூங்கிவிடும். மகள் முன்னால் உட்கார்ந்து வாய் ஓயாமல் பேசுவாள். வீட்டுக்குள் கால் வைத்தாளோ இல்லையோ, தோழிகள், ஆபீஸ் வேலை என்று ஆளே அகப்பட மாட்டாள். திரும்பிப் போவதும் டாக்ஸியில்தான்.

போன தடவை அந்த ஒரு மணி நேரத்திலும் மண் விழுந்தது. என்ஜின் மேல்மூடியின் விளிம்பில் எண்ணெய் கசிந்து, கீழே கொதிக்கிற புகைக்குழாயில் சொட்டி, கருகல் நாற்றம் காருக்குள் குப்பென்று ஏறியது. குழந்தை வாந்தி எடுத்தது. "இதைச் சரி பண்ணாம இனிமே இந்த வண்டியில ஏற மாட்டேன்ப்பா" என்று சொல்லிவிட்டுப் பாதி வழியில் இறங்கி டாக்ஸி பிடித்தாள். சரி பண்ணிவிட்டால் ஏறுவாள் என்று அவர் அதை எடுத்துக்கொண்டார். பெற்ற மனசு வேறு எப்படி எடுத்துக்கொள்ளும்?

மனைவி போய் நாலு வருஷம் ஆகிறது. அன்றிலிருந்து மகளுக்கு ஒரு நாளைக்கு மூன்று ஃபோன். அவள் எடுக்காவிட்டால் உடனே இன்னொன்று. அதற்கும் எடுக்காவிட்டால் மாப்பிள்ளைக்கு. கேட்பது என்னவோ "சாப்பிட்டியா?" மட்டும்தான். வரவர அவள் ஃபோனை எடுப்பதே அபூர்வமாகிவிட்டது.

இந்தச் சனிக்கிழமை அவள் வருகிறாள். மூடிக்கு அடியில் இருக்கும் ரப்பர் கேஸ்கெட்டை மாற்றினால் கசிவு நின்றுவிடும் என்று தெரிந்து, புதன்கிழமையே வாங்கப் போனார்.

"அண்ணே, பாத்து மெதுவா முறுக்குங்க. ரொம்ப இறுக்கினா ரப்பர் பிதுங்கிடும்" என்றார் உதிரிபாகக் கடைக்காரர்.

"யாருகிட்ட சொல்றீங்க? நாப்பது வருஷமா பைப்பு முறுக்குற கை இது!"

கேட்டால்தானே! என்ஜின் ஆறியதும் பத்து போல்ட்டையும் கழற்றித் தட்டில் போட்டார். வீட்டில் இரண்டு சாப்பாட்டுத் தட்டு. ஒன்று சும்மாதானே கிடக்கிறது. பழைய ரப்பர் விறைத்துப்போய்த் துண்டு துண்டாக வந்தது. பள்ளத்தைப் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்தார். புதியதைப் பதித்து மூடியை மாட்டினார். அதுவரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. பிறகுதான் தொழில் புத்தி வேலையைக் காட்டியது. ஒழுகுகிற குழாய்க்கு அவர் அறிந்த ஒரே வைத்தியம், இன்னும் அரைச் சுற்று. ஒவ்வொரு போல்ட்டுக்கும் அரைச் சுற்று கூடுதலாகக் கொடுத்தார். மனசு கேட்காமல் மறுபடியும் ஒன்று.

வியாழக்கிழமை வண்டியை எடுத்துத் தெருமுனை தாண்டவில்லை, முன்னைவிட மோசமான நாற்றம். திறந்து பார்த்தால் மூலையில் ரப்பர் நாக்கைத் துருத்திக்கொண்டு நின்றது. கடைக்காரர் இன்னொரு கேஸ்கெட்டை எடுத்து வைத்தார்.

"ரொம்ப இறுக்கிட்டீங்களோ?"

இவர் காசை வைத்துவிட்டு அதை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

வெள்ளிக்கிழமை காலையில் புது ரப்பரைப் பதித்து, நடுவிலிருந்து ஓரத்துக்கு ஒவ்வொரு போல்ட்டாக, இரண்டே விரலால் ஸ்பேனரைப் பிடித்துத் திருப்பினார். போல்ட் உட்கார்ந்ததும் விட வேண்டும். கை விடுவேனா என்றது. ஸ்பேனரை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு உள்ளே வந்து உட்கார்ந்தார். வீடு எவ்வளவு சத்தமில்லாமல் இருக்கிறது என்று அப்போதுதான் உறைத்தது.

மத்தியானம் ஊரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். நாற்றமே இல்லை. அடியில் விரித்த காகிதத்தில் ஒரு சொட்டு விழவில்லை. யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. யார் இருக்கிறார்கள்? மகளைக் கூப்பிட்டார். அதிசயமாக எடுத்தாள்.

"அப்பா, நாளைக்கு டாக்ஸி சொல்லிட்டேன். நீங்க வர வேணாம்."

"இப்ப நாத்தமே இல்லம்மா. நானே பிரிச்சு மாட்டிட்டேன்."

"நீங்களேவா? ஐயோ, குழந்தைய வச்சுக்கிட்டு என்னால முடியாதுப்பா. வேலையா இருக்கேன், வைக்கிறேன்."

மற்ற நாளாக இருந்தால் அந்த நிமிஷமே மறுபடி அடித்திருப்பார். விரல் பொத்தான் வரைக்கும் போனது. ஃபோனை அந்தக் காலித் தட்டில் வைத்துவிட்டு நகர்ந்தார். வலித்தது. நன்றாகவே வலித்தது.

சாயங்காலம் ஃபோன் அடித்தது. மகள். அவளாகக் கடைசியாக எப்போது கூப்பிட்டாள் என்று அவருக்கு ஞாபகமே வரவில்லை.

"ஏன்ப்பா, திரும்பக் கூப்பிடவே இல்ல? உடம்புக்கு ஏதாவதா?"

"அதெல்லாம் இல்லம்மா. நீ வேலையா இருப்பேன்னு விட்டுட்டேன்."

"வந்து வண்டியப் பாக்குறேன். நாத்தம் இல்லேன்னா ஞாயித்துக்கிழமை நீங்களே ஸ்டேஷன்ல கொண்டுவந்து விடுங்க."

அவள் வருகிறபோது வேண்டுமென்று ஏங்கிய ஒரு மணி நேரம், அவள் போகிறபோது கிடைக்கப் போகிறது. 'இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டுப் போயேன்' என்று நாக்கு நுனி வரை வந்ததை விழுங்கிக்கொண்டார்.

"சரிம்மா, விடறேன்" என்றார்.