ஒரு நெஞ்சுவலி, நாலு பாட்டில்

பெயிண்ட் கடைக்கு மேலே, ஒருவர் ஏறினால் இன்னொருவர் இறங்க முடியாத படிக்கட்டின் உச்சியில், இரண்டு நாற்காலியும் ஒரு நீளக் கண்ணாடியும் கொண்ட அழகு நிலையம் ஒன்று உண்டு. அதை நடத்துகிறவளுக்குப் பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயருக்கு மின்சார ரசீதைத் தவிர வேறெங்கும் வேலையில்லை. தெருவே அவளை வாசனை அக்கா என்றுதான் கூப்பிட்டது. கீழே பெயிண்ட் நெடி, மேலே அவளுடைய எண்ணெய்கள். நடுப்படியில் நிற்கிற மூக்கு எந்தக் கட்சியில் சேருவது என்று தெரியாமல் திண்டாடும். வாடிக்கைக்காரர்களுக்கு எல்லாம் பழகிப்போயிருந்தது.

தொழிலில் அவள் கெட்டிக்காரி. நூலைப் பல்லில் கவ்விப் புருவம் எடுத்தால் வலி தெரியாது. தெரிந்தாலும் சொல்ல இடம் கொடுக்க மாட்டாள், அவ்வளவு பேச்சு. ஆனால் இருபது வருஷமாக ஊர் முகத்தையெல்லாம் துடைத்துவிட்டவளிடம் ஒருத்தரும் ஒரு யோசனை கேட்டதில்லை. எந்த வீட்டில் என்ன சண்டை, யார் யாரோடு பேசுவதில்லை, அதுதான் கேட்டார்கள். அவளும் சலிக்காமல் சொன்னாள்.

அப்போதுதான் முடிச்சாயம் விற்க வந்துகொண்டிருந்த ஓர் அம்மாள் சாயத்தை விட்டுவிட்டு வாசனை எண்ணெய்க்கு மாறினாள். எல்லாரும் அவளை மேடம் என்றார்கள். மேடம் இவளை ஏசி போட்ட ஒரு ஹாலுக்குக் கூட்டிப்போனாள். அங்கே ஒவ்வொருத்தராக மேடை ஏறி, தன்னுடைய எந்த வியாதி எந்தச் சொட்டில் ஓடிப்போனது என்று சொல்ல, மற்றவர்கள் கை தட்டினார்கள். வியாதி ஓடாதவர்கள் யாரும் அன்றைக்கு வரவில்லை. எழுந்து வர முடிந்திருந்தால்தானே வருவதற்கு? இந்தக் கேள்வி ஹாலில் ஒருவருக்கும் தோன்றவில்லை, வாசனை அக்காவுக்கும் தோன்றவில்லை. சாயங்காலம் கையில் ஒரு மரப்பெட்டியும், பெட்டி நிறையக் குட்டிக் குட்டி பாட்டில்களுமாக வீட்டுக்கு வந்தாள்.

அதற்குப் பிறகு அவள் வாழ்க்கையே மாறிப்போனது. "அக்கா, இதுக்கு என்ன தடவலாம்?" என்று கேட்க ஆரம்பித்தார்கள். தலைவலி, முதுகுவலி, தூக்கமின்மை, மாமியார் தொல்லை, எல்லாவற்றுக்கும் அவளிடம் ஒரு பாட்டில் இருந்தது. ஒவ்வொரு தடவை கேட்கும்போதும் அவள் ஒரு சாண் வளர்ந்தாள். இதில் சிரிக்க ஒன்றுமில்லை. நம்மை யாராவது அப்படிக் கேட்டிருந்தால் நாமும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்போம்.

நியாயமாகச் சொன்னால் எண்ணெய் மேல் எந்தக் குற்றமும் இல்லை. அறை மணக்கும், அலுத்த உடம்புக்கு இதமாக இருக்கும், அவ்வளவுக்குத்தான் அது வந்தது. டாக்டர் வேலையையும் அதன் தலையில் கட்டியவள் இவள். பக்கத்துத் தெரு தையல்காரி படியில் சறுக்கிக் காலைச் சுளுக்கிக்கொண்டபோது, இவள் அந்தக் காலுக்கு ஒரு வாரம் எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினாள். தையல்காரி அந்த ஒரு வாரமும் வாத்து மாதிரி நடந்தாள். பிறகு எக்ஸ்ரே எடுத்ததில் எலும்பு இரண்டாக இருந்தது. எண்ணெய் போட்டதால்தான் மூன்றாகவில்லை என்று வாசனை அக்கா சொன்னாள். தையல்காரியும் மாவுக்கட்டோடு உட்கார்ந்து அதை நம்பினாள்.

இந்த நம்பிக்கைக்கெல்லாம் முதல் சாட்சி அவள் வீட்டுக்காரர். அவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர், ஊருக்கு மாஸ்டர். கற்றுக்கொள்கிறவர் எதிரே வரும் லாரிக்கு நேராகப் போய்க்கொண்டிருப்பார். மாஸ்டர், "ஒண்ணுமில்ல, நல்லாத்தான் போறீங்க" என்று சொல்லிக்கொண்டே தன் காலடியில் இருக்கும் இரண்டாவது பிரேக்கை மிதிப்பார். பயத்தை முகத்தில் காட்டினால் பக்கத்தில் இருப்பவர் ஸ்டியரிங்கையே விட்டுவிடுவார் என்பது அவர் தொழில் அனுபவம். அந்த வாய் வீட்டுக்கு வந்தாலும் மாறவில்லை. எண்ணெய் தடவிவிட்டு அவள் ஆவலோடு முகத்தைப் பார்ப்பாள். வலி இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனாலும் "பறந்துபோச்சு" என்பார். பெண்டாட்டி சந்தோஷமாக இருக்கிறாள், இதில் என்ன குறைந்துவிடப்போகிறது என்று நினைத்தார். ஒரே மகளும் வேலைக்கு வெளியூர் போனபின், வீட்டில் அவளைச் சந்தோஷப்படுத்த அவரை விட்டால் வேறு ஆளும் இல்லை.

அன்று காலை முதல் பாடத்தை முடித்துவிட்டு மாஸ்டர் மாடிக்கு வந்தபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. காலியாக இருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். மற்ற நாற்காலியில் கேஷியர் அம்மா இருந்தார். பேங்கில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், வாரம் தவறாமல் வருகிறவர். வாசனை அக்கா அவர் முகத்தில் பச்சைக் களிம்பு பூசிக்கொண்டிருந்தாள். காயும்வரை பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது என்பது அந்தக் களிம்பின் சட்டம்.

என்ன செய்கிறது என்று அவள் கேட்டதற்கு, வீட்டை விட்டுக் கிளம்பும்போதே நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி இருந்தது, இன்னும் எழுந்திருக்கவில்லை என்றார் மாஸ்டர். வாயு, என்று அவள் முடிவு கட்டினாள். சட்டையைத் திறந்து புதினா எண்ணெயைத் தாராளமாகத் தேய்த்தாள். வெந்நீரில் இரண்டு சொட்டு விட்டுக் குடிக்கவும் வைத்தாள். எப்படி இருக்கிறது என்றாள். குளுகுளுவென்று இருக்கிறது என்றார். தோலைப் பொறுத்தவரை அது உண்மைதான்.

கொஞ்ச நேரத்தில் இடது கை கடுக்கிறது என்றார். நாள் முழுக்கக் கையைத் தூக்கித் தூக்கி ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டால் கடுக்காமல் என்ன செய்யும் என்று எலுமிச்சைப்புல் எண்ணெயை எடுத்தாள். அப்புறம் தாடை வலிக்கிறது என்றார். அது பல், கிராம்பு எண்ணெய். அப்புறம் வேர்த்துக் கொட்டியது. பாடம் படிக்க வந்தவர் விளக்குக் கம்பத்தில் உரசியிருப்பார், அந்தப் பதற்றம், லாவெண்டர். இப்படி ஒரே மாரடைப்பை நாலு துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் ஒரு பாட்டிலுக்குப் பங்கு போட்டுவிட்டாள். ஒவ்வொன்றாகப் பார்த்தால் எல்லாமே சில்லறைத் தொந்தரவுகள்தான். ஒவ்வொரு பாட்டிலுக்கும் மாஸ்டர், "இப்பப் பரவாயில்ல" என்றார்.

கண்ணாடியில் இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தது கேஷியர் அம்மா ஒருவர்தான். வாசனை அக்கா ஒவ்வொரு தடவையும் வலிக்கிற இடத்தைக் குனிந்து பார்த்தாள். கேஷியர் அம்மாவுக்குக் கண்ணாடியில் முழு ஆளும் தெரிந்தார். மாஸ்டரின் முகம் சாம்பல் பூத்துப்போயிருந்தது. உதட்டில் ரத்தமில்லை. கேஷியர் அம்மா வாயைத் திறந்தார், கன்னத்துக் களிம்பு பொருக்குப் பொருக்காக உடைந்து மடியில் விழுந்தது.

"அந்த மனுஷனைப் பங்கு போடறத நிறுத்து. அது நாலு வியாதி இல்ல, ஒண்ணுதான். எங்க வீட்டுக்காரரும் பல்லு வலின்னுதான் சொன்னார்."

அவருடைய வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தது தெருவுக்கே தெரியும். எப்படிப் போனார் என்று, எல்லார் வீட்டுக் கதையும் தெரிந்த வாசனை அக்கா கேட்டுவைக்கவே இல்லை. பாட்டிலைக் கீழே வைத்துவிட்டுப் போனை எடுத்தாள். ஆனால் விரல் போனது ஆம்புலன்ஸுக்கு அல்ல, மேடத்துக்கு. கேஷியர் அம்மா தலையில் அடித்துக்கொண்டு, தன் கைப்பையிலிருந்து போனை எடுத்து ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்.

மேடம் உடனே எடுத்தாள். விவரத்தைக் கேட்டதும், எத்தனை சொட்டு, உள்ளங்காலிலும் தடவினாயா என்று வழக்கம்போல ஆரம்பித்தாள். பக்கத்தில் கேஷியர் அம்மா ஆம்புலன்ஸுக்கு வழி சொல்லும் சத்தம் போனில் கேட்டிருக்க வேண்டும். மேடத்தின் குரல் சட்டென்று இறங்கிப்போனது.

"எதுக்கும் ஆஸ்பத்திரிக்குப் போயிடு. ஆனா நான் தடவச் சொன்னேன்னு எங்கயும் சொல்லிடாதே, என்ன?"

ஹாலில் மேடை போட்டு மைக் பிடித்துப் பேசிய அதே வாய். வாசனை அக்கா போனைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். ஆத்திரம் வந்தது, மேடத்தின் மேல் பாதி, தன் மேல் பாதி. ஆனால் மாஸ்டர் நாற்காலியில் சரிய ஆரம்பித்திருந்ததால் ஆத்திரப்படக்கூட நேரமில்லை. ஓடிப்போய்த் தாங்கிப் பிடித்தாள்.

ஆம்புலன்ஸ்காரர்கள் அந்தப் படிக்கட்டில் ஸ்ட்ரெச்சரைத் திருப்ப முடியாமல், மாஸ்டரைச் சக்கர நாற்காலியில் கட்டி ஒவ்வொரு படியாக இறக்கினார்கள். பெயிண்ட் கடைக்காரர் டப்பாக்களை நகர்த்தி வழி விட்டார். வண்டிக்குள் மார்பில் ஒட்டவேண்டிய இ.சி.ஜி. வில்லைகள் ஒட்ட மறுத்தன. ஒன்றை ஒட்டினால் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. ஆம்புலன்ஸ்காரர் பஞ்சும் ஸ்பிரிட்டுமாகத் துடைத்துத் துடைத்துப் பார்த்து, "என்னம்மா இது, இவரைப் பொரிக்கப்போறீங்களா?" என்று எரிந்து விழுந்தார். வாசனை அக்காவும் தன் முந்தானையால் துடைத்தாள். தாராளமாகத் தேய்த்தது இப்போது தாராளமாக நேரத்தைத் தின்றுகொண்டிருந்தது. இவ்வளவுக்கும் நடுவில் மாஸ்டர், டிரைவர் கிளட்சைச் சீக்கிரம் விடுகிறார் என்று முனகினார்.

அவசரப் பிரிவில் இருந்த டாக்டர் ஒரு சின்னப் பெண். புதினாவும் கிராம்பும் லாவெண்டரும் கலந்து அடித்த வாசனைக்கு மூக்கைச் சுளித்தாளே தவிர, அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. இ.சி.ஜி. காகிதத்தைப் பார்த்துக்கொண்டே வேறொன்று கேட்டாள்.

"வலி எப்ப ஆரம்பிச்சது? சரியா சொல்லுங்க. இனிமே என்ன செய்யறதுங்கறது அதை வெச்சுத்தான்."

"இப்பத்தான் டாக்டர்" என்றார் மாஸ்டர். "ஆம்புலன்ஸ் வர்றதுக்குக் கொஞ்சம் முன்னாடி."

சொல்லும்போது அவர் டாக்டரைப் பார்க்கவில்லை, பெண்டாட்டியைப் பார்த்தார். லாரி எதிரே வரும்போது பாடம் படிக்கிறவரைப் பார்க்கிற அதே பார்வை. பயப்படாதே, நல்லாத்தான் போறே. வாசனை அக்காவுக்குப் புரிந்துவிட்டது. பெண்டாட்டியை யாரும் திட்டக்கூடாது என்பதற்காக மனுஷன் சாகிற நேரத்திலும் இரண்டாவது பிரேக்கை மிதிக்கிறார். டாக்டர் அந்தப் பொய்யை நர்ஸிடம் சொல்லத் திரும்பியும் விட்டாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், காலை முழுக்க நடந்தது ஒருவருக்கும் தெரியாது. மறைப்பானேன்? ஒரு மூச்சு விடுகிற நேரம் அவளுக்கு அந்தப் பொய் இனித்தது.

"பொய் சொல்றார் டாக்டர்" என்றாள். "விடிஞ்சு வீட்டை விட்டுக் கிளம்பும்போதே வலி. நான்தான் எண்ணெய் தடவித் தடவி உக்கார வெச்சிருந்தேன். குடிக்கவும் கொடுத்தேன்."

அறையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் திட்டுவாள் என்று அவள் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். திட்டு வரவில்லை. என்ன எண்ணெய், எவ்வளவு என்று மட்டும் கேட்டுக்கொண்டு, டாக்டர் யாருக்கோ போன் செய்து, தயாராக இருக்கச் சொல்லி, நர்ஸிடம் படபடவென்று ஏதோ சொன்னாள். கட்டிலைத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். வாசனை அக்கா தன் உள்ளங்கையை முகர்ந்து பார்த்தாள். வாழ்க்கையில் முதல் தடவையாக அந்த வாசனை அவளுக்குக் குமட்டியது.

அடைத்திருந்த ரத்தக் குழாயைத் திறந்துவிட்டார்கள். உயிருக்கு இனிப் பயமில்லை என்று டாக்டர் வந்து சொன்னாள். ஆனால் இதயத்தில் ஒரு பகுதி செத்துவிட்டது, அது திரும்பாது, காலையிலேயே வந்திருந்தால் இவ்வளவு போயிருக்காது என்பதையும் ஒளிக்காமல் சொன்னாள். இனி மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும். வேலைக்குத் திரும்புவது பற்றிப் பிறகு பார்க்கலாம். செத்த பகுதிக்கு ஒன்றுமே செய்ய முடியாதா என்று வாசனை அக்கா கேட்டாள். முடியாது என்றாள் டாக்டர். இத்தனை நாளில் தன்னிடம் கேட்ட ஒருத்தருக்காவது தான் அந்த வார்த்தையைச் சொன்னதுண்டா என்று இவள் யோசித்துப் பார்த்தாள். இல்லை.

மறுநாள் உள்ளே விட்டார்கள். மாஸ்டர் தலையணையில் சாய்ந்திருந்தார். ஆஸ்பத்திரிக்காரர்கள் நன்றாகத் துடைத்துவிட்டிருந்தார்கள், உடம்பில் சோப்பு வாசனை மட்டும்தான் வந்தது. அவளைப் பார்த்ததும், எதற்காக டாக்டரிடம் எல்லாவற்றையும் உளறினாய், நான் சமாளித்திருப்பேனே என்று குறைபட்டுக்கொண்டார். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு அவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்தாள்.

"நேத்து நான் தேய்ச்சப்போ நிஜமா வலி குறைஞ்சுதா?"

"குளுகுளுன்னு இருந்துச்சு."

"நான் கேக்கறது வலியை."

மாஸ்டர் மேலே மின்விசிறியைப் பார்த்தார், பக்கத்துக் கட்டிலைப் பார்த்தார். மென்று விழுங்கிவிட்டு, "குறையல" என்றார்.

அவளுக்குக் கண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது, கோபமும் கூடவே வந்தது.

"அப்ப பொண்டாட்டி மனசு நோகக்கூடாதுன்னு செத்துப் போகப் பாத்தீங்களா?"

இந்தத் தடவை மாஸ்டர் மின்விசிறியைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்.

"ஆமா" என்றார்.