ஆனைக்காட்டுக் குதிப்பு

இதுவரை மூன்று நாடுகளில் என் இடது முட்டியைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். பெர்த்தில் ஒரு பல் மருத்துவர், லீட்ஸில் பேருந்து ஓட்டும் ஒரு பெண்மணி, நைரோபியில் ஒரு குஜராத்தி மளிகைக்காரர். மூன்று பேரும் என்னோடு ஸ்குவாஷ் ஆடினார்கள். முதல் சுற்று முடிந்ததும் ராக்கெட்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூன்று பேரும் கேட்டது ஒரே கேள்விதான்: முட்டியில் எப்போது அடிபட்டது?

அடிபடவே இல்லை. நான் உடையப்பண்ணனிடம் ஆடக் கற்றவள். அதை வெளிநாட்டில் விளக்கி முடியாது என்பதால் "சின்ன வயதில்" என்று சொல்லித் தப்பித்துக்கொள்வேன். இப்போது ஊருக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, அடுத்து எங்கே போவது என்று இன்னும் முடிவாகவில்லை. அதற்குள் தமிழில் ஒருமுறை விளக்கிவிடுகிறேன்.

ஆனைக்காடு ரப்பர் தோட்டம் ஈப்போவிலிருந்து ஜெலாப்பாங் தாண்டி ஏழு மைல். உடையப்பண்ணனின் அப்பாவும் அம்மாவும் அங்கே பால்மரம் வெட்டியவர்கள். அவருக்குப் பதினான்கு வயதானபோது துரைமார் கிளப்பில் ஸ்குவாஷ் அறையைக் கூட்டித் துடைக்கும் வேலை கிடைத்தது. நாலு பக்கமும் வெள்ளைச் சுவர். குனிந்து நுழைய ஒரு சின்னக் கதவு. மேலே நின்று வேடிக்கை பார்க்க ஒரு மாடம். அந்த மாடத்தில் நின்றபடி, பெரிய துரை ஹார்டிங் தினமும் மாலை ஐந்து மணிக்கு ஆடுவதை உடையப்பண்ணன் ஆறு வருடம் பார்த்தார். கூட ஆட ஆள் வராத நாட்களில் துரை அவரையே கீழே இறக்கிவிட்டுப் பந்தைத் திருப்பி அடிக்கச் சொல்வார்.

அப்படிப் பார்த்துப் பார்த்துத்தான் உடையப்பண்ணன் இந்த ஆட்டத்தின் சூட்சுமங்களைக் கண்டுபிடித்தார். பந்தை அடிப்பதற்கு முன் இடது காலைத் தூக்கிக்கொண்டு வலது காலால் ஒரு குதி குதிக்க வேண்டும். அடிக்கும்போது "ஆ!" என்று அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். அடித்து முடித்ததும் குனிந்து இடது முட்டியை இரண்டு முறை தடவ வேண்டும். ஹார்டிங் துரை ஒருநாள்கூட இதில் எதையும் விட்டதில்லை.

1969இல் துரை சீமைக்குப் போய்விட்டார். தோட்டம் துண்டுதுண்டாக விலைபோனது. மேட்டுப் பகுதியில் வீடுகள் வந்தன, பள்ளத்தில் செம்பனை வந்தது. கிளப் மட்டும் உள்ளூர்க்காரர்கள் கைக்கு மாறி, அப்படியே நின்றது. உடையப்பண்ணன் பகலில் ஜெலாப்பாங்கில் ஓடு செய்யும் தொழிற்சாலைக்குப் போனார். மாலையில் கிளப்புக்கு ஜாகா. காவல், கூட்டல், பூட்டல் எல்லாம் அவர்தான். ஸ்குவாஷ் அறைச் சாவி அவர் அரைஞாணில் தொங்கியது. 1974இல் ஒரு சனிக்கிழமை, சும்மா சுற்றிக்கொண்டிருந்த பிள்ளைகளைக் கூப்பிட்டு வரிசையில் நிறுத்தினார். அன்றிலிருந்து அவர் கோச்.

"தூக்கு!" என்பார். பத்துப் பன்னிரண்டு இடது கால்கள் மேலே போகும்.

"குதி!"

குதிப்போம்.

"அடி! எங்க சத்தம்? சோறு திங்கலையா?"

"ஆ!"

"தடவு!"

தடவுவோம். மண்ணைத் தொட்டுக் கும்பிடுவது போல இதுவும் ஒரு மரியாதை என்றுதான் நான் நெடுநாள் நினைத்திருந்தேன்.

அவர் மனைவி நவமணியக்கா ஒரே ஒரு தடவை மாடத்தில் ஏறிப் பார்த்தார். "நாலு செவுத்துக்குள்ள புள்ளைங்களப் போட்டுப் பூட்டி, செவுத்த அடிக்கச் சொல்றீங்க. அந்தச் செவுரு யாருக்கு என்ன பாவம் பண்ணுச்சு? இதுல இதுங்க வேற, அடி வாங்குனது இதுங்க மாதிரி கத்துதுங்க."

"ஒனக்கு வெளங்காது நவமணி. இது துரை ஆட்டம்."

துரை ஆட்டத்தால் நாங்கள் ஒருமுறையும் ஜெயித்ததில்லை. ஈப்போவில் ஒரு பெரிய கிளப்பின் சிறுவர் அணியோடு வருடம் ஒருமுறை நட்புப் போட்டி நடக்கும். ஐந்து பேருக்கு ஐந்து ஆட்டம். மூன்று வருடத்தில் பதினைந்து ஆட்டமும் தோற்றோம். நான்காவது வருடம், 1978இல், கிளப் செயலாளர் அப்துல் நாசர் பொறுமை இழந்தார். டவுனில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த அவருக்கு ஸ்னூக்கர் என்றால் உயிர்.

"உடையப்பா, தைப்பிங்ல ஒருத்தன் ஸ்னூக்கர் மேசை ரெண்டு விக்கிறான்லா. நல்ல மேசை. வைக்க எடமில்ல. ஒன் ரூம அளந்து பாத்தேன், கச்சிதமா இருக்கு."

"பாய், புள்ளைங்க ஆடுற எடம் அது."

"ஆடுறாங்க, சரி. ஜெயிக்கிறாங்களா? நாலு வருசமா குதிக்கிறாங்க, கத்துறாங்க. பக்கத்து தாமான் வீட்டுக்காரன் இது ஆஸ்பத்திரியான்னு கேக்குறான். இந்த வாட்டி அஞ்சு ஆட்டத்துல ஒண்ணே ஒண்ணு ஜெயிச்சுக் காட்டு. ஒண்ணு போதும். இல்லாட்டி திங்கக்கெழம சாவிய என் கடையில குடுத்துரு."

நாசர் பாயின் மகள் மெஹர்பானுவும் எங்கள் அணியில்தான் இருந்தாள். அதற்காக அவர் இறங்கி வரவில்லை. "அவளுக்கும் ஸ்னூக்கர் சொல்லிக் குடுத்துக்கறேன்" என்றுவிட்டார்.

அந்த வாரம் முழுவதும் உடையப்பண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை என்று நவமணியக்கா சொன்னார். எங்களிடம் ஐந்து பேருக்கு நான்கு ராக்கெட்டுகள் இருந்தன, நான்கும் துரைமார் விட்டுப்போன மரச்சட்டங்கள். அறுந்த நரம்புகளை உடையப்பண்ணன் சித்தியவானிலிருந்து வாங்கிவந்த மீன்பிடி நரம்பால் கட்டினார். ஈப்போ கிளப்பில் வெள்ளை உடுப்பு கட்டாயம் என்பதால், நவமணியக்கா எங்கள் பள்ளிச் சட்டைகளைத் துவைத்து நீலம் போட்டார். ஆர்வத்தில் கொஞ்சம் கூடுதலாகவே போட்டுவிட்டார். அந்தச் சனிக்கிழமை நாங்கள் வெளிர்நீல அணியாக, மீன் கறி வாசம் வீசும் நாசர் பாயின் கடை வேனில் ஈப்போவுக்குப் போய் இறங்கினோம்.

முதல் ஆட்டம் என்னுடையது. நீளமாக எழுத அதில் ஒன்றுமில்லை. ஒன்பது புள்ளிக்கு ஒரு சுற்று. மூன்று சுற்று எடுத்தவருக்கு ஆட்டம். மூன்று சுற்றிலும் சேர்த்து எனக்குக் கிடைத்தது இரண்டு புள்ளி. அடுத்து ராஜு ஆடினான். அவன் குதிக்கத் தொடங்கியதும் மாடத்தில் சிரிப்பு எழும்பியது. அதைக் கிளப்பியவன் அர்ச்சுனன். வக்கீல் மகன், பதினான்கு வயது, அவர்கள் அணியில் முதல் ஆள். நெற்றியில் வெள்ளைப் பட்டை கட்டியிருந்தான். ராஜு குதிக்கும்போதெல்லாம் அவனும் மாடத்தில் நின்றபடி குதித்து, "ஆ!" என்று கத்தி, தன் முட்டியைத் தடவிக் காட்டினான். அவன் கூட்டாளிகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

இந்தச் சமயத்தில்தான் அப்பாவு டிரசர் மாடத்துக்கு வந்தார். ஆனைக்காட்டுத் தோட்ட ஆஸ்பத்திரியில் இருபது வருடம் மருந்து கட்டியவர். ஓய்வுபெற்று ஈப்போவில் மகள் வீட்டில் இருந்தார். தோட்டத்துப் பிள்ளைகள் ஆடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பழைய பழக்கத்தில் மருந்துப் பையையும் தூக்கிக்கொண்டு வந்திருந்தார். கீழே எட்டி ராஜுவைப் பார்த்தார். பக்கத்தில் மூச்சு வாங்கிக்கொண்டு, பழக்கத்தில் முட்டியைத் தடவிக்கொண்டிருந்த என்னைப் பார்த்தார். உட்கார்ந்து, பையிலிருந்து தைலப் போத்தலை எடுத்து என் முட்டியில் தேய்க்கத் தொடங்கினார்.

"டே உடையப்பா, என்னாடா இது? அத்தன புள்ளைக்கும் முட்டி போயிருச்சே! தண்ணியில ஏதும் கோளாறா?"

"முட்டிக்கு ஒண்ணுமில்ல டிரசரையா. இதான் ஆட்டம். ஹார்டிங் துரை ஆட்டம்."

அப்பாவு டிரசரின் கை என் முட்டியிலேயே நின்றது.

"ஹார்டிங் துரையா? அந்தாளு மோட்டார் சைக்கிளோட வாய்க்கால்ல விழுந்து எடது முட்டி பெயந்து போச்சேடா! வாரத்துக்கு ரெண்டு நாளு நான்தானே தைலம் தேச்சேன். ஆளுங்களுக்குத் தெரிஞ்சா கேலி பண்ணுவாங்க, வெளிய சொல்லாதன்னுட்டாரு. அதான் எங்க போனாலும் ஜீப்பு. இந்த ஆட்டத்த விடுய்யான்னு எத்தன வாட்டி சொன்னேன்! அடிக்கும்போது வலி தாங்காம கத்துவாரு."

கீழிருந்து ராஜு "ஆ!" என்றான். குனிந்து தடவினான். தோற்றான்.

உடையப்பண்ணன் மாடத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். நாலு வருடச் சனிக்கிழமைகளும் அவர் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போவதை நான் பார்த்தேன். பிறகு, அடுத்து இறங்க வேண்டிய சீனியிடம் போய்ச் சொன்னார். "டே, குதிக்காத. கத்தாத. ஒண்ணும் தடவாத. சும்மா அடி."

சீனி மிகவும் கீழ்ப்படிதலுள்ள பையன். குதிக்கவில்லை. குதிக்காமல் எப்படி நகர்வது என்று அவனுக்குத் தெரியாததால் நகரவும் இல்லை. அறை நடுவில் வேலிக்கல் மாதிரி நின்றான். இரண்டு பந்துகள் அவன் மேலேயே பட்டன. மூன்று சுற்றும் பன்னிரண்டு நிமிடத்தில் முடிந்தன.

நான்காவதாக மெஹர்பானு. அவளும் குதிக்காமல் ஒரு பந்தையும் தொட முடியாமல் திண்டாடினாள். மாடத்திலிருந்து நாசர் பாய்க்குப் பொறுக்கவில்லை. ஸ்னூக்கர் மேசையை மறந்துவிட்டு, "குதிம்மா! அலாமா, ஏன் நிக்கிற? குதி!" என்று கத்தினார். மெஹர்பானு வாப்பாவையும் கோச்சையும் மாறி மாறிப் பார்த்தாள். அந்த நேரத்தில் பந்து மூன்று முறை அவளைத் தாண்டிப் போனது.

நான்கு ஆட்டம் போனது. மிச்சம் இருந்தவள் இருளாயி மட்டும். பன்னிரண்டு வயது, ராக்கெட்டைவிடக் கொஞ்சம் உயரம். எதிரே அர்ச்சுனன்.

உடையப்பண்ணன் அவள் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். "தங்கச்சி, அண்ணன் தப்பா சொல்லிக் குடுத்துட்டேன். துரைக்கு முட்டி வலிலா. அதான் குதிச்சிருக்காரு. நீ குதிக்காத, என்னா?"

"முடியாதுண்ணே."

"ஏன்?"

"குதிக்காட்டி எந்தப் பக்கம் ஓடணும்னு என் காலுக்குத் தெரியாது. சீனியப் பாத்தீங்கள்ல?"

அவர் சீனியைப் பார்த்தார். பிறகு அரைஞாண் சாவியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். "சரி," என்றார். "குதி. நல்லாவே குதி."

அர்ச்சுனனுக்கு அன்று நல்ல குஷி. மாடம் நிறையக் கூட்டாளிகள் இருந்தார்கள். இருளாயி ஒரு குதி குதித்தால் அவன் இரண்டு குதித்தான். அவள் "ஆ" என்றால் அவன் "ஆஆ" என்றான். அப்படியே விளையாட்டுக் காட்டிக்கொண்டு முதல் சுற்றை ஒன்பதுக்கு ஒன்று என்று முடித்தான். மாடம் கைதட்டியது.

இரண்டாவது சுற்றின் பாதியில் கூட்டாளிகள் சிரித்து ஓய்ந்து, சீக்கிரம் முடி என்று கத்தினார்கள். அவனும் கேலியை நிறுத்திவிட்டு ஒழுங்காக ஆடப் பார்த்தான். ஆனால் அவனுடைய இடது கால் தானாக மேலே போனது. குதித்தான். பந்து அவனைத் தாண்டிப் போனது. தலையை உதறிக்கொண்டு மறுபடி நின்றான். மறுபடியும் குதித்தான். இருளாயி நாலு வருடமாகக் குதிப்பவள். பந்து சுவரில் படும்போதே அவள் கால் தரைக்கு வந்துவிடும். இவன் குதிப்பு அன்று காலையில் பிறந்தது. பந்து வரும்போது இவன் அந்தரத்தில் இருந்தான்.

"டோன்ட் ஜம்ப்!" என்று அவர்கள் கோச் மேலிருந்து கத்தினார். அந்தச் சொல் காதில் விழும்போதெல்லாம் அர்ச்சுனன் இன்னும் உயரமாகக் குதித்தான். இரண்டாவது சுற்று இருளாயிக்கு. மூன்றாவதும் அவளுக்கே. நான்காவதில் அவன் பந்தைத் தவறவிட்ட பிறகு "ஆ" என்று கத்தினான். ஒருமுறை பந்து ஆட்டத்தில் இருக்கும்போதே குனிந்து முட்டியைத் தடவினான்.

எட்டுக்கு ஆறு. இன்னும் ஒரே புள்ளி. உடையப்பண்ணன் பார்க்க முடியாமல் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார். நாசர் பாய்தான் அவர் தோளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு நேர்முக வர்ணனை சொன்னார். "குதிக்கிறா... அடிச்சிட்டா... அவனும் குதிக்கிறான்... உடையப்பா, அவன் கால் எறங்கவே இல்லலா!"

பந்து அர்ச்சுனனின் ராக்கெட்டுக்குக் கீழே போய் மூலையில் செத்து விழுந்தது. அவனும் கூடவே விழுந்தான். இந்த முறை வந்த "ஆ" உண்மையான "ஆ". காலையிலிருந்து தைலத்தோடு காத்திருந்த அப்பாவு டிரசர், அந்தச் சின்னக் கதவைத் திறந்துகொண்டு முதல் ஆளாக உள்ளே போனார்.

வேனிலேயே திரும்பினோம். சிலிபின் தாண்டியதும் நாசர் பாய், "தேத்தண்ணி குடிக்கிற ரூம்லயே ஒரு மேசை போட்டுக்கலாம்" என்றார். "ரெண்டு எதுக்கு? பராமரிக்கிறது சூசா, பெரிய தொல்ல." உடையப்பண்ணன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சாவியை வேட்டி மடிப்புக்குள் தள்ளினார்.

அடுத்த சனிக்கிழமை எங்களை வரிசையில் நிறுத்தினார். என்ன சொல்லப் போகிறாரோ என்று நாங்கள் இரண்டு காலையும் தரையில் வைத்துக் காத்திருந்தோம். கடைசியில், "தடவுறது மட்டும் வேணாம்" என்றார். "அது துரையோட சொந்த விசயம். மத்ததெல்லாம் இருக்கட்டும். தூக்கு!"

மூன்று வாரம் கழித்து, பயிற்சி நடந்துகொண்டிருந்தபோது கிளப் வாசலில் ஒரு மெர்சிடிஸ் வந்து நின்றது. அர்ச்சுனன் இறங்கினான். நெற்றிப்பட்டை இல்லை. கையில் ராக்கெட். நேராக உடையப்பண்ணனிடம் வந்து, எங்களைப் பார்க்காமல், தரையைப் பார்த்துப் பேசினான்.

"அண்ணே, குதி நிக்க மாட்டேங்குது. எங்க கோச் என்னென்னமோ பண்ணிப் பாத்துட்டாரு. நீங்கதான் நிறுத்தணும்."

இருளாயி பாவாடையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டாள்.

உடையப்பண்ணன் அவனை ஒருமுறை சுற்றி வந்தார். இடது முட்டியைத் தட்டிப் பார்த்தார். "நிறுத்துறதெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம் தம்பி," என்றார். "மொதல்ல சரியா குதிக்கக் கத்துக்க. போ, இருளாயிக்குப் பின்னால நில்லு."