ஒற்றைக் கையில் திறக்கும் கத்தி

சிதம்பரத்துக் கடையில் மடக்குக் கத்தியை விரித்தேன். 'டக்'கென்று பூட்டு விழுந்த சத்தத்தில் கடலூர் முதுநகர்க் கடையும், டீசலும் கருவாடும் மணக்கும் அப்பாவின் சட்டையும் வந்து நின்றன.

கத்தி வாங்கப் போனால் அப்பா முதலில் தண்ணீர் கேட்பார். கடைக்காரர் செம்பை நீட்டினால் குடிக்காமல் வலது கையில் ஊற்றிக்கொள்வார். எட்டு வயது எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்னும்.

"இன்னா மச்சான், கத்தி வாங்க வந்தியா, கை கழுவ வந்தியா?"

"கடல்ல யாரு மச்சான் துண்டு குடுப்பா? காலுல வலை சுத்திக்கினா ஈரக் கை ஒன்னாலயே தொறக்கணும்."

கட்டைவிரலால் தள்ளித் திறப்பார். அலகை இடம்வலமாக ஆட்டுவார். அதன் முதுகை அழுத்தி, பூட்டு நிற்கிறதா என்று பார்ப்பார். துளி ஆடினாலும், "வேற குடு."

பக்கவாதம் அந்த வலது கையைக் கொண்டுபோய் எட்டு மாதமாகிறது. இப்போது என் வீட்டில் இருக்கிறார். இடது கைக்கு ஒரு கத்தி வேண்டுமாம். நானும் கையை நனைத்து, ஆட்டி, அழுத்திப் பார்த்துத்தான் வாங்கிப் போகிறேன். அவர் கட்டைவிரல் வழுக்குகிறது. அலகு விரிவதில்லை.

"கத்தி சரியில்ல பாப்பா. மாத்திக்கினு வா."

"மூணாவது தடவ மாத்துறீங்கக்கா. அப்படி இன்னாதான் கொற?" என்கிறார் கடைக்காரர்.

நான் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொள்கிறேன்.

"வேற குடுங்க."