முறிவெண்ணெய் தேய்த்த முழங்கால்

ஐம்பது வயதில் தெருப்பிள்ளைகளுக்குப் பந்தைத் தடுத்துக் காட்டப்போய், முழங்கால் பிசகிக் கிடக்கிறேன். மனைவி தேய்த்த முறிவெண்ணெயின் வாடை என்னைக் குன்னத்துகாலில் இருந்த பெரியப்பா வீட்டுக்கே இழுத்துப்போயிற்று.

பெரியப்பா மகள் செல்வி அக்கா கால்பந்தில் தடுப்பாட்டக்காரி. சரளைமண்ணில் சறுக்கி விழுந்து பந்தைப் பறிப்பாள். தினமும் சாயங்காலம் பெரியம்மா அவள் முழங்காலில் இதே எண்ணெயைத் தேய்ப்பாள். ஆட்டத்துக்காகத்தான் என்று நான் நம்பியிருந்தேன்.

கொல்கத்தா கிளப் ஒன்று அக்காவைச் சம்பளத்துக்கு ஆட அழைத்தது. அந்த வாரம்தான் பெரியம்மா சொன்னாள்: "தழும்பு மங்கியாச்சு. இனி பெண்ணு காண வரச் சொல்லலாம்."

கல்யாணத்தோடு ஆட்டம் முடிந்தது.

நேற்று போனில் அக்காவிடம், அந்த எண்ணெய்தான் அவள் ஆட்டத்தை முடித்தது என்று புலம்பினேன்.

"பெண்ணு காண வந்த அண்ணைக்கு நான் சேலையாக்கும் கெட்டியிருந்தேன், மக்கா. முட்டுல தழும்பு கெடந்தா எவன் பாத்தான்?" என்றாள்.